வம்சம் சாரின் ஸ்வெட்டர்

பண்ணையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வம்சம் சார்' என்றால்தான் தெரியும். செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவு அவர் கையில் இருந்தது. ஒரு ஆடு ரெட்டைக் குட்டி போட்டாலும் சரி, ஒன்றுமே போடாமல் வருஷம் பூராவும் மேய்ந்து கொழுத்தாலும் சரி, அவர் வாயிலிருந்து விழுகிற முதல் சொல் வம்சம்தான். ஆட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கொண்டுபோய் மதிலில் முட்டினால், "அவங்க அப்பாவும் இதே மூலையிலதான் முட்டினாரு" என்பார். மகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது, "இது அவங்க அம்மா வழி" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மனைவி அடுத்த இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பிடிவாதம் யார் வழி என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா வழியின் மொத்த உருவமாக அவருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார் மச்சான். மனைவியின் சொந்த அண்ணன். அதே பண்ணையில் தீவனப் பிரிவு அவருக்கு. வம்சத்தின் மேல் மச்சானுக்கு மயிரளவும் மரியாதை கிடையாது. தீனி, தண்ணீர், வெயில், நிழல், பகலின் நீளம், இவ்வளவுதான் அவருக்கு ஆடு; எல்லாம் சூழல்தான் என்பார். இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும். எழுந்து போய்ப் பேசுகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவார்கள்.

"மாப்ள, வயிறு காஞ்ச ஆட்டுக்கு எந்த வம்சமும் குட்டி குடுக்காது!"

"மச்சான், ஊர்ல இருக்கிற தானியத்தையெல்லாம் கொட்டினாலும் ஒத்தைக் குட்டிக்காரி ஒத்தைக் குட்டிக்காரிதான்!"

இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இயக்குநர் ஒருநாள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதிகம் பேசாத அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் என்றால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். கழற்றி வைத்தார்.

"சேர்ந்து ஒரு சோதனை பண்ணுங்க. யார் சொல்றது சரின்னு ஆடு சொல்லட்டும்."

சோதனை இதுதான். செம்மறிப் பெட்டைகள் எல்லா மாதமும் கிடாவைத் தேடுவதில்லை. பகல் நீளுகிற மாதங்களில் கிடா என்று ஒரு பிராணி இருப்பதையே மறந்துவிட்டு மேயும். பகல் சுருங்கத் தொடங்கியதும்தான் பருவத்துக்கு வரும். ஆனால் பண்ணையில் ஒரு கிழட்டு ஆடு இருந்தது. எல்லோரும் அதைப் பெரியம்மா என்பார்கள். பெரியம்மாவும் அதன் மகள்களும் மட்டும் பருவம் தப்பிய காலத்திலும் சினை பிடிப்பதை வம்சம் சார் கவனித்து வைத்திருந்தார். அதுவும் பெரும்பாலும் ரெட்டை. இது ரத்தத்தில் வருகிற குணம், மரபணுவில் எழுதியிருக்கிறது என்பது அவர் கட்சி. பெரியம்மா கூட்டம் எப்போதும் தொட்டிக்குக் கிட்ட நின்று மற்றவர்கள் தீனியையும் சேர்த்துத் தின்கிறது, வேறொன்றுமில்லை என்பது மச்சான் கட்சி.

ஆகவே நான்கு பட்டி போட்டார்கள். பெரியம்மா வம்சத்துப் பெட்டைகள் இரண்டு பட்டியில், சாதாரணப் பெட்டைகள் இரண்டு பட்டியில். ஒவ்வொரு வகையிலும் ஒரு பட்டிக்கு மேய்ச்சலோடு தானியமும் உண்டு, இன்னொன்றுக்கு வெறும் மேய்ச்சல்தான். பகல் நீளமாக இருக்கும் மாதங்களில், எந்தப் பட்டி பருவத்துக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். கிடாக்கள் எல்லாவற்றையும் மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓட்டிவிட்டார்கள். கண்ணில் படக் கூடாது, சத்தம் கேட்கக் கூடாது, காற்றுவாக்கில் வாசனைகூட வரக் கூடாது. இதில் மட்டும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே கட்சி. பட்டிக்குள் போகும்போது செருப்பை மாற்று, காலை மருந்துத் தண்ணீரில் நனை, கையைக் கழுவு என்று வேலைக்காரர்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டைகள் மேய்ந்தன, அசைபோட்டன, படுத்தன. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. பெரியம்மா மகள்கள்கூடச் சாமியாரிணிகள் மாதிரி இருந்தன. தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து மச்சான் இருமுகிற இருமலிலேயே ஒரு நக்கல் இருந்ததாக வம்சம் சாருக்குப் பட்டது.

அப்போதுதான் தலைவர் வந்தார்.

தலைவர் என்பது ஒரு கிடா. அடுத்த கட்டச் சோதனைக்காக வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து வாங்கியது. சுருண்ட கொம்பு, அகன்ற மார்பு, யாரையும் சட்டை செய்யாத பார்வை. லாரியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு யாரோ தலைவர் என்றார்கள், அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. வம்சம் சாருக்குப் பார்த்த மாத்திரத்தில் மனசு பறிபோயிற்று. தினமும் காலையில் மேட்டுக்கு அந்தப்பக்கம் போய்த் தலைவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கொம்படியைச் சொறிந்துவிட்டு, "உங்க தாத்தா யாரு தெரியுமாடா?" என்று பரம்பரை பேசிவிட்டு வருவார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பையும் அவர்மேல் சாய்த்துத் தேய்க்கும்.

காலைக் குளிருக்கு அவர் ஒரு பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். கல்யாணமான புதிதில் மனைவி பின்னிக் கொடுத்தது. தலைவர் வந்த அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசல்படி ஏறியவரை மனைவி கதவிலேயே நிறுத்தினாள். அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். நாள் முழுக்க மருந்து வாசனைக்கும் சோப்பு வாசனைக்கும் பழகிய மூக்கு.

"ஏங்க, என்ன செத்துது?"

"ஒண்ணும் சாகல. தலைவர் கொஞ்சம் செல்லமா ஒரசினாரு."

"அந்தத் தலைவரையே கட்டிக்கிட்டு அங்கயே இருந்திருக்கலாமே. ஸ்வெட்டர் வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

மச்சான் வீட்டுக்கு அவள் போனால் அந்த நக்கல் இருமலைக் குடும்பமாக இருமுவார்கள். வம்சம் சார் அன்றே ஸ்வெட்டரைப் பண்ணையில் தன் அறைக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார். அதன்பின் அது வீட்டுக்கும் போகவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. காலையில் வந்ததும் ஸ்வெட்டர், ஸ்வெட்டரோடு தலைவர், தலைவரிடமிருந்து திரும்பி, செருப்பை மாற்றி, காலை நனைத்து, கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவி, அதே ஸ்வெட்டரோடு நான்கு பட்டியும் ஒரு சுற்று. செருப்பில் இருந்த ஜாக்கிரதை ஸ்வெட்டருக்கு ஏறவில்லை. தினமும் அதிலேயே ஊறியவருக்கு அது ஒரு வாசனையாகவே தெரியவில்லை.

இதற்குள் இன்னொரு அதிசயம் நடக்கத் தொடங்கியது. அவர் பட்டிக்குள் கால் வைத்தால் போதும், பெட்டைகள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. முட்டின, முகர்ந்தன, முழங்கைக்குள் மூக்கை விட்டன. மச்சான் தானியக் கூடையோடு போனால் கூடையைத்தான் பார்க்கும். வம்சம் சார் வெறுங்கையோடு போனாலும் வாலை ஆட்டின.

மனிதர் பூரித்துப் போய்விட்டார். வீட்டில் சாப்பிடும்போது சொன்னார்:

"வாயில்லா ஜீவனுக்கு மனுஷனோட மனசு தெரியும்மா. உங்கண்ணனும்தான் தினமும் தீனி போடுறாரு. ஒண்ணாவது திரும்பிப் பாக்குதா? என்னைப் பாத்தா அப்படி ஒரு பாசம்."

"உங்களைப் பாத்தா ஓடி வருதா?"

"ஓடி வருதாவா! உரசுது!"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாசத்தின் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. ஸ்கேன் எடுக்க வந்த கால்நடை மருத்துவர் முதல் பட்டியைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். இரண்டாவதைப் பார்த்ததும் கருவியைத் தட்டிப் பார்த்தார். நான்காவதை முடித்ததும், "சார், எல்லாமே பருவத்துக்கு வந்திருக்கு" என்றார். பெரியம்மா வம்சம், சாதாரண வம்சம், தானியம் தின்றது, தின்னாதது, அத்தனையும். நீண்ட பகலில், கிடாவே இல்லாத இடத்தில், பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து நடக்காத காரியம்.

வம்சம் ஜெயித்திருந்தால் மச்சான் தோற்றிருப்பார். தீவனம் ஜெயித்திருந்தால் மாப்பிள்ளை தோற்றிருப்பார். இப்படி எல்லா ஆடும் ஒன்றாக ஜெயித்ததில் இரண்டு பேரும் சேர்ந்து தோற்றார்கள். தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள்.

"மச்சான், நீங்க திருட்டுத்தனமா நாலு பட்டிக்கும் தானியம் போட்டிருக்கீங்க."

"நான் போட்டேனா? நீங்கதான் மாப்ள பெரியம்மா வீட்டுப் பொண்ணுங்களை எல்லாப் பட்டியிலயும் கலந்து விட்டிருக்கீங்க. காதுல இருக்கிற நம்பர் வில்லையை மாத்தி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"என் படிப்பு மேல கை வைக்காதீங்க!"

"என் தொட்டி மேல நீங்க வெக்கலாமோ?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேர்ல யாரோ எதையோ கெடுத்திருக்கீங்க. என்னன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம்."

அன்றிலிருந்து தடுப்புக்கு இரண்டு பக்கமும் மௌனம். கத்தல் நின்றதில் வேலைக்காரர்களுக்குத்தான் கை ஓடவில்லை. பேச வேண்டியதெல்லாம் வீடு வழியாகப் போயிற்று. "உங்கண்ணன்கிட்ட சொல்லி வை, குளிர்பெட்டிச் சாவி அவருகிட்டதான் இருக்கு." மனைவி போனில் அண்ணனிடம் சொல்வாள். அண்ணன், "உன் வீட்டுக்காரருகிட்ட சொல்லும்மா, அது அவரு மேசை இழுப்பறையிலயே கெடக்கு" என்பார். மருந்துக்கடையில் ஒரு கையால் மாத்திரை எடுத்துக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் அவள் தூது போனாள். வாடிக்கையாளர் ஒருவர் இருமல் மருந்து கேட்டதற்கு, "தானியம் போட்டீங்களா இல்லையா?" என்று அவள் கேட்ட அன்று, பொறுமை போதும் என்று தோன்றிவிட்டது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பண்ணைக்கு வந்தாள்.

இரண்டு பேரும் பட்டிப் பக்கத்தில்தான் இருந்தார்கள். வம்சம் சார் உள்ளே, பெட்டைகள் புடைசூழ, காது வில்லைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் வெளியே தொட்டிக்குப் பக்கத்தில் தீவன மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருவர் முதுகும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தது.

"அண்ணா! இங்க வா. ஏங்க! வெளியில வாங்க."

இருவரும் வேலிக்கருகில் வந்தார்கள். அவள் இரண்டு மூச்சுத் திட்டத் தயாராகித்தான் வந்திருந்தாள். ஆனால் கணவர் கிட்ட வந்ததும் முதல் மூச்சிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் இதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறீங்களா? கழட்டுங்க முதல்ல. பேச்செல்லாம் அப்புறம்."

"இல்லம்மா, குளிருக்கு..."

"மதியம் வெயில் மண்டையைப் பொளக்குது. கழட்டுங்கன்னா!"

கழற்றினார். அவள் அதைக் கையால் தொடவில்லை. சுவரில் சாய்த்திருந்த விளக்குமாற்றை எடுத்து, அதன் காம்பில் ஸ்வெட்டரைத் தொங்கவிட்டு, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, துணி துவைக்கும் தொட்டியைப் பார்த்து வேலியோரமாக நடந்தாள்.

பெட்டைகளும் நடந்தன.

முதலில் ஒன்றிரண்டு தலையைத் தூக்கின. பிறகு பட்டி முழுக்கத் திரும்பியது. வேலியை ஒட்டி, அவள் நடக்க நடக்க, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, ஸ்வெட்டர் போன பக்கம் போயின. அவள் நின்றால் நின்றன. பயந்துபோய் அவள் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஓடின. அடுத்த பட்டியிலும் அதேதான், வேலிக்கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு ஒரே கத்தல்.

"ஏங்க! இதுங்க ஏன் என் பின்னால வருது?"

பட்டிக்குள் வம்சம் சார் பனியனோடு தனியாக நின்றார். சுற்றிலும் ஒரு ஆடு இல்லை. "பா... பா..." என்று கூப்பிட்டார். குரலில் எவ்வளவோ பாசம் இருந்தது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. நேற்றுவரை அவர் முழங்கைக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவின் மூத்த மகள் அவர் காலை மிதித்துக்கொண்டு ஸ்வெட்டரின் பின்னால் ஓடியது.

மிதிபட்ட அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது. வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் அவரே கரும்பலகையில் எழுதுவார்: கிடாவைவிட்டு வெகுநாள் பிரிந்திருந்த பெட்டைகளுக்குப் புதுக் கிடாவின் வாசனை பட்டாலே போதும், பருவம் தப்பிய காலத்திலும் உடம்பு விழித்துக்கொள்ளும். கிடாவே வேண்டியதில்லை, அதன் ரோமத்து வாசனை போதும். எழுதிவிட்டு அடிக்கோடும் போடுவார். அந்த வாசனையைத் தான்தான் தினமும் காலையில் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து பட்டி பட்டியாகப் பரிமாறியிருக்கிறோம் என்பது உறைத்ததும், வெயிலிலும் அவருக்குக் குளிரெடுத்தது. அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. பாசமெல்லாம் ஸ்வெட்டருக்குத்தானா?

வேலிக்கு அந்தப்பக்கம் 'தொப்' என்று சத்தம். மச்சான் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் கண்ணில் தண்ணீர். பேச்சு வரவே வெகுநேரம் ஆயிற்று.

"மாப்ள... சூழல் சூழல்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே... சூழல் நீங்கதான் மாப்ள! நடமாடுற சூழல்!"

பல நாளைக்குப் பிறகு மச்சான் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. வம்சம் சாருக்குக் கோபம் வரப் பார்த்தது. ஆனால் தூரத்தில் விளக்குமாற்றை உயர்த்திப் பிடித்தபடி, ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்தவள் மாதிரி மனைவி தவிப்பதைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது.

"சிரிச்சது போதும், யாராவது வாங்களேன்!" என்று அவள் கத்தினாள்.

அன்று சாயங்காலமே இயக்குநரிடம் போனார்கள். "நான் சொல்லட்டுமா மாப்ள?" என்று மச்சான் கேட்டதற்கு, "வேண்டாம், நாறினது நான், நானே சொல்றேன்" என்றுவிட்டார் வம்சம் சார். சொல்லும்போது வாய் குழறியது.

"மேடம், தலைவர் வந்ததிலேருந்து நான் தினமும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு..."

"எந்தத் தலைவர்?" இயக்குநரின் முகம் மாறியது. வாரியத் தலைவர் போன மாதம்தான் வந்து போயிருந்தார்.

"கிடா மேடம், கிடா."

முழுக்கக் கேட்ட பிறகு இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஜன்னலையும் திறந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது, அதுவரைக்கும் நல்லதுதான்.

"சரி. பருவம் யாரால வந்துதுன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா அத்தனையும் ஒரே நேரத்துல வந்திருக்கே, அதை ஏன் வீணாக்கணும்? கிடாவை விடுங்க. எது எத்தனை குட்டி போடுதுன்னாவது பார்ப்போம்."

தலைவருக்கும் அவர் சகாக்களுக்கும் வேலை வந்தது. செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வம்சம் சார் நல்ல பிள்ளையாக இருந்தார். தலைவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி.

குட்டி போடும் வாரம் வந்தபோது இரண்டு பேரும் வீட்டுக்குத் தூங்க மட்டும் போனார்கள். சாதாரணப் பெட்டைகளில் வெறும் மேய்ச்சல் பட்டி பெரும்பாலும் ஒற்றைக் குட்டியோடு நின்றுவிட்டது. தானியம் தின்ற பட்டியில் அங்கங்கே ரெட்டை. மச்சான் மீசையை நீவிக்கொண்டார். பெரியம்மா வம்சத்தில் தானியமே பார்க்காத பட்டியிலும் ரெட்டைகள் தாராளமாக வந்தன. நீவ மாப்பிள்ளைக்கு மீசை இல்லை, தாடையைத் தடவிக்கொண்டார். கடைசிப் பட்டி, வம்சமும் உண்டு தானியமும் உண்டு என்கிற பட்டி, இரண்டு பேரையும் சேர்த்து அசர வைத்தது. ரெட்டை மேல் ரெட்டை, நடுநடுவே மூன்று. இரண்டில் எது இல்லாவிட்டாலும் இது நடந்திருக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. இருவருமே சொல்லவில்லை.

மூன்று போட்ட தாய்களுக்குக் காம்பு இரண்டுதான். மூன்றாவது குட்டி ஒவ்வொன்றும் நனைந்த காலுறை மாதிரி கிடந்தது. வைக்கோல்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து மச்சான் ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தார். பக்கத்தில் வம்சம் சார் இன்னொன்றைத் துணியால் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

"பாருங்க மாப்ள, பெத்துப் போட்டது உங்க வம்சம். பிழைக்க வெக்கிறது என் புட்டி."

"பிழைக்கிறதுக்கு உறிஞ்சத் தெரியணும் மச்சான். அது பிறவிலேயே வரணும்."

"இது உறிஞ்சலையே."

"புட்டியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் புட்டியைத் திருப்பினார். குட்டி பிடித்துக்கொண்டது. வால் கடகடவென்று ஆடியது. இரண்டு பேரும் அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் இயக்குநர் சோதனையை முறையாக நடத்தச் சொன்னார். இந்த முறை வாசனையும் கணக்கில் உண்டு. சில பட்டிகளுக்கு வாசனை போட்ட ஆள் போக வேண்டும், சில பட்டிகளுக்குச் சுத்தமான ஆள். கிடாவோடு யார் உரசிக்கொள்வது என்று சீட்டுக் குலுக்கியதில் மச்சான் பேர் வந்தது. புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிக் கையை நீட்டிய மச்சானைத் தலைவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டடி பின்வாங்கி வந்து ஒரே முட்டு. மச்சான் ஒரு வாரம் தலையணை போட்டு உட்கார்ந்தார். ஆனால் ஸ்வெட்டரில் வாசனை ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் மச்சான் மனைவி போன் போட்டாள். "உங்க வீட்டுக்காரர் கூடச் சேர்ந்து இவரும் கெட்டுப்போயிட்டாரு" என்று அவள் அழாக்குறையாகச் சொல்ல, வம்சம் சாரின் மனைவி ஆறுதல் சொல்லவில்லை. விளக்குமாற்றுக் காம்புதான் வசதி என்று மட்டும் சொன்னாள்.

சுத்தமான ஆள் வம்சம் சார். தினமும் இரண்டு வேளை குளித்து, துவைத்த சட்டை போட்டு, தன் பட்டிகளுக்குள் போய் வந்தார். பெட்டைகள் மேய்ந்தன. அவர் இருப்பது வேலிக்கம்பம் இருப்பது மாதிரி. ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, கையை வாயருகில் குவித்து, "பா... பா..." என்று கூப்பிட்டுப் பார்த்தார். அசைபோட்ட வாய் ஒன்றுகூட நிற்கவில்லை. அவர் கிளம்பப் போகையில் ஓரத்தில் நின்ற ஒரு பெட்டை மட்டும் தலையைத் தூக்கி, அவர் பக்கம் திரும்பிப் பார்த்து, மறுபடி குனிந்துகொண்டது.

வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் சொன்னார்:

"இன்னைக்கு ஒண்ணு திரும்பிப் பாத்துச்சு."

"கண்ணுல தூசி விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தாள்.